வெங்கடசாமியின் ஓட்டு

ஓட்டுப் போட்டுவிட்டு வருத்தப்படுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். இந்த ஆளுக்கா போட்டோம் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அடுத்த தேர்தலில் அதே ஆளுக்குப் போய்ப் போடுவார்கள். அதெல்லாம் ஒரு வருத்தமா? பச்சையம்மா பட்டாளே, அதுதான் வருத்தம். ஐம்பத்தேழாம் வருஷத்துத் தேர்தலில் அவள் யாருக்குப் போட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கே நினைவிருக்காது. அன்றைக்கு அவளுக்குப் போனது வேறு.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் அவள் இருந்தாள். அதற்கு முந்தின வீடு எங்களுடையது. நான் ஃபிராக் தைக்கிறவள். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்ததால் தெருவில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் கையில் என்ன பை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். மெஷினை அங்கே போட்டது வெளிச்சத்துக்காகத்தான், வம்புக்காக இல்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

பச்சையம்மா தங்கவயல்காரி. சாம்பியன் ரீஃப் லைன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ரிச்மண்ட் டவுனில் ஒரு பங்களாவில் சமையல் வேலை. நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலி, வெள்ளிக்கிழமை தவறாமல் தலையில் பூ. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களிடம், "பம்பாயில மில்லு வேலை. லீவு கெடச்சா வருவாரு" என்பாள். எங்கள் வரிசையில் பாதிப் பெண்களுக்குப் புருஷன் வெளியூரில்தான். ஒருத்தர் பட்டாளத்தில், ஒருத்தர் ரயிலில், ஒருத்தர் அணைக்கட்டு வேலையில். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லீவே கொடுக்காத அந்த மில்லை மட்டும் எல்லோரும் சேர்ந்து திட்டினோம்.

எனக்கு மட்டும் பிற்பாடு உண்மை தெரிந்தது. ஒரு முறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். கஞ்சியைக் குடித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பம்பாயும் இல்லை, மில்லும் இல்லை. அந்த மனுஷர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து மேலே ஏறி வந்தால் நேராகச் சாராயக் கடைக்குப் போவார். ஒரு நாள் சாயங்காலம் இவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தே கத்தியிருக்கிறாள்: "குடிச்சிட்டு வர்றவனுக்கு இங்க எடமில்ல. மனுசனா வா, தொறக்கறேன்." அவர் கொஞ்ச நேரம் தட்டியிருக்கிறார். அப்புறம் சத்தம் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் இவள் கதவைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணோம். லைனில் யாரும் பார்க்கவில்லை, ஸ்டேஷனில் யாரும் பார்க்கவில்லை. போனவர் போனவர்தான்.

லைன் வீடு சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்குக் கொடுக்கிற வீடு. ஆள் இல்லாவிட்டால் வீடும் இல்லை. எத்தனை நாள் கெஞ்ச முடியும்? காலி செய்யச் சொன்னபோது, அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் போய், "அவரு வந்தா நான் பெங்களூர்ல ஆஸ்டின் டவுன்ல இருக்கேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறியிருக்கிறாள்.

"நான் குடியைத்தான் வெறுத்தேன் ரோஸியக்கா. அவர வெறுக்கல. கதவுக்கு அந்தாண்ட நின்னவருக்கு அது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

"வருவாரு, படு" என்றேன். அவர் வர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பங்களா துரைசானி தோட்டத்திலேயே ஓர் அறை தருகிறேன், வாடகை வேண்டாம் என்று சொல்லியும் இவள் போகவில்லை. "சொன்ன எடத்துல நான் இல்லாமப் போனா அவரு எங்க வந்து தேடுவாரு?" என்றாள். அது பைத்தியக்காரத்தனமாக எனக்குப் படவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் உங்களுக்கும் பட்டிருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஓட்டர் லிஸ்டு எழுத ஆள் வந்தார். கார்ப்பரேஷன் குமாஸ்தா, கன்னடக்காரர், பொறுமைசாலி. வீடு வீடாக நின்று, இருபத்தொரு வயது ஆனவர்களின் பேரையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். பெண்பிள்ளையாக இருந்தால் அவள் பேரும் வேண்டும், புருஷன் பேரும் வேண்டும். எங்கள் தெருவில் அதுதான் பெரிய தகராறு. புருஷன் பேரைச் சொல்ல ஒருத்திக்கும் வாய் வராது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, நீ சொல் என்பார்கள். அவள் இவள் புருஷன் பேரைச் சொல்வாள், இவள் அவள் புருஷன் பேரைச் சொல்வாள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கோயிலில் பாதிரியார் எதிரில், இந்த டேவிட்டை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஊர் கேட்கச் சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன். அதற்குமேல் என்ன வெட்கம்?

"யஜமானரு ஹெசரு ஏனம்மா?" என்று குமாஸ்தா கேட்டார். பச்சையம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் தெரியாதே! காய்ச்சலில் கிடந்து எல்லாவற்றையும் சொன்னவள் அந்தப் பேரை மட்டும் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் அவள் கையை மேலே தூக்கிக் காட்டி, "திருப்பதி மலை மேல இருக்காரே, அவரு பேரு" என்றாள்.

"சீனிவாசா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"கோவிந்தா?"

"அது இல்லீங்க. அந்த மலைக்கே ஒரு பேரு இருக்குது இல்ல? அது. பின்னால சாமி."

"ஓ! வெங்கடசாமி!" என்றார் குமாஸ்தா. பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரோ ஒருவர் வாயால் அந்தப் பேரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ அவளுக்கு.

குமாஸ்தா எழுதப் போனவர் நிறுத்தினார். "இங்கதான் இருக்காரா அவரு? இந்த மனையிலே யார் குடியிருக்காங்களோ அவங்க பேர்தான் எழுதணும், நோடம்மா."

"வேலைக்கு வெளியூரு போயிருக்காரு. வீடு இதுதாங்க" என்றாள் பச்சையம்மா. அவர் எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

"ஏண்டி, சர்க்கார் ஆளுகிட்டயே பொய் சொல்லிட்டியே" என்று நான் கடிந்துகொண்டேன்.

"எது பொய்? அவருக்கு வீடு இது இல்லன்னா வேற எது? நீயே சொல்லு."

பிறகு அந்த லிஸ்டைக் கார்ப்பரேஷன் ஸ்கூலில் பார்வைக்கு வைத்தார்கள். பேர் விட்டுப்போனவர்கள் எழுதிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், ஆள் இல்லாத பேர் இருந்தால் ஆட்சேபணை சொல்லலாம் என்றார்கள். எனக்குக் கன்னடம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். பச்சையம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முதலில் வெங்கடசாமி, அடுத்து பச்சையம்மா, ஒரே வீட்டு எண். நான் வாசித்த இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். "காகிதத்துலயாவது ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம் ரோஸியக்கா" என்றாள். ஆட்சேபணை சொல்ல யாரும் வரவில்லை.

தேர்தலன்று ஸ்கூல் வாசலில் தேர்க் கூட்டம். வேட்பாளர்களின் ஆட்கள் ஆளுக்கொரு மேஜை போட்டு, லிஸ்டைப் பார்த்து நம்பர் எழுதிய சீட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. இரண்டும் ஒரே மேஜையில் போய் முடியும். அங்கே வேறொரு குமாஸ்தா பேரை உரக்கப் படிப்பார். ஏஜெண்டுகள் தங்கள் லிஸ்டில் சரிபார்ப்பார்கள். விரலில் மை வைத்து ஓட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனால், வேட்பாளருக்கு ஒரு பெட்டியாகச் சின்னம் ஒட்டி வரிசையாக வைத்திருக்கும். வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். டெல்லிக்கு ஒரு சீட்டு, நம் மைசூர் அசெம்பிளிக்கு ஒரு சீட்டு. சில பெண்கள் பெட்டியைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயித்தவர்கள் நம்மைக் கும்பிடுவது அதோடு நின்றுவிடும் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது.

பச்சையம்மா பங்களாவில் லீவு சொல்லிவிட்டு, மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் முன்னால், நான் பின்னால். ஆண்கள் வரிசையில் எங்களுக்குச் சமமாக நகர்ந்துகொண்டிருந்தான் முனிராஜ். தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவன். நல்லவன்தான், ஆனால் அடுத்தவர் விஷயத்தில் ரொம்பவும் நல்லவன்.

நாங்கள் ஹாலுக்குள் நுழைந்தபோது மேஜையருகில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் என்று எங்கள் கோயிலில் பாட்டுக் குழுவில் இருக்கிறவர், ஒரு வேட்பாளரின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்து நின்று ஓர் ஆளைக் கைநீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"சார், இது கள்ள ஓட்டு! இவன் ஒக்கலிபுரம் ஆளு. கூட்ஸ் ஷெட்டுல மூட்டை தூக்கறான். நான் டெய்லி பாக்கறேன். ஆஸ்டின் டவுனுக்கு எப்ப வந்தான் இவன்?"

அந்த ஆள் ஒல்லியாக, தொளதொளத்த சட்டையோடு நின்றான். சட்டை அவனுடையதாக இருக்க முடியாது. நெற்றியெல்லாம் வேர்வை.

பூத் அதிகாரி ஓர் ஐயங்கார், சீனிவாசராகவன் என்று பேர். சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவர். பதறாமல் கேட்டார்: "உம்ம பேர் என்ன?"

"வெங்கடசாமிங்க."

வீட்டு எண் கேட்டார். சரியாகச் சொன்னான். "சம்சாரம் பேர்?"

"பச்சையம்மாங்க."

எல்லாவற்றையும் நன்றாகப் பாடம் பண்ணி அனுப்பியிருந்தார்கள். எப்போதும் வீட்டில் இல்லாத ஆள் யார் என்று தெருத்தெருவாக விசாரித்து வைத்திருக்கிறார்கள், படுபாவிகள். முன்னால் நின்ற பச்சையம்மாவின் கழுத்து விறைத்துவிட்டது. அந்தப் பேரைக் கேட்டதும் அவர்தான் வந்துவிட்டார் என்று ஒரு நொடி நம்பிவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அந்த ஆள் இந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் அது வேறு முகம் என்று தெரிந்ததாம்.

முனிராஜுக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், அந்தம்மாவே தோ நிக்குது சார்! பச்சையம்மாக்கா, போக்கா முன்னால!" என்று வரிசையிலிருந்து கூவினான்.

ஆம்ப்ரோஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லதாப் போச்சு. கேளுங்க சார், அவங்களையே கேளுங்க."

பச்சையம்மா மேஜைக்குப் போனாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"பயப்பட வேண்டாம்மா. யோசிச்சுச் சொல்லுங்கோ. இவர் உங்க வீட்டுக்காரர் இல்லேன்னா இவரை நான் போலீஸ்ல ஒப்படைக்கணும். அப்புறம், உங்க வீட்டுக்காரர் எங்கே, அந்த விலாசத்துல அவர் நிஜமா இருக்காரான்னும் கேட்டாகணும். இல்லேன்னா அந்தப் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லி எழுதிடுவேன். இவர்தான்னா அதையும் சொல்லிடுங்கோ. சீட்டைக் கொடுத்துடறேன்."

ஹாலில் எங்கள் தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார், அவர் சம்சாரம் இருந்தாள், பால்காரர் இருந்தார். மில்லைத் திட்டின அத்தனை பேரும் இருந்தார்கள். நானாக இருந்தால் அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு அப்புறம்தான் வாயைத் திறந்திருப்பேன். பச்சையம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மெதுவாகத் தலையை அசைத்தாள்.

"வாயால சொல்லணும்மா" என்றார் அதிகாரி.

"ஆமாங்க. இவருதான் எங்க வீட்டுக்காரரு."

ஆம்ப்ரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டியே சொன்ன பிறகு அதிகாரி என்ன செய்வார்? அந்த ஆளின் விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்தார்கள். அவன் திரைக்குப் பின்னால் போனான். பிறகு குமாஸ்தா பச்சையம்மாவின் பேரைப் படித்தார். அவளும் மை வைத்துக்கொண்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி உள்ளே போய்விட்டு வந்தாள். எந்தப் பெட்டியில் போட்டாய் என்று பிறகு கேட்டதற்கு, "பொட்டி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

வெளியே ஸ்கூல் மதிலோரம் அந்த ஆள் காத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான். "தாயி, வயிறாரச் சோறு போட்டு, நிரந்தரமா வேலையும் வாங்கித் தர்றோம்னாங்க தாயி. புள்ளைங்க நெறைய. இன்னிக்கி ஜெயிலுக்குப் போயிருப்பேன்" என்று குனிந்து காலைத் தொடப் போனான். பச்சையம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"போய்யா. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாத" என்றாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அவனை அதற்கப்புறம் நாங்கள் பார்க்கவில்லை.

வீடு வந்து சேரும்வரை நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். புத்தி கெட்டுப் போச்சா, யாரோ ஒரு மூட்டை தூக்கறவனை, என்று என்னென்னவோ சொன்னேன். அவள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"அவன் பொண்டாட்டி வீட்டுல பாத்துக்கினு இருப்பா இல்ல, ரோஸியக்கா? நான் இல்லன்னா அவன் வீட்டுக்குப் போவ முடியுமா?" பூட்டைத் திறந்தாள். "அதோட, அவரு பேர எடுத்துடுவேன்னாரே அந்த ஆபீசரு. அத எப்பிடி நான் எடுக்க விடுவேன்?"

இரண்டாவது சொன்னதுதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. முதலாவதும் பொய்யில்லை.

சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாம் அவள் வீட்டில். ஒருத்தி பாயசம் கொண்டுவந்தாள், ஒருத்தி வெற்றிலை பாக்கு. எங்கே மாமா, எங்கே மாமா என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். லீவு இல்லை, ஓட்டுப் போட்டதும் ரயிலுக்குப் போய்விட்டார் என்றாள் பச்சையம்மா. அப்போது பாருங்கள், எங்கள் தெருவுக்கு ஒரு புதுக் கதை கிடைத்தது. பம்பாயிலிருந்து ஓட்டுப் போடுவதற்காகவே வந்துவிட்டுப் போன மனுஷர்! வீட்டுச் சொந்தக்காரர் தெருவில் நின்று தன் பையன்களைத் திட்டினார்: "அந்தாளு எங்கருந்து வந்து போட்டுட்டுப் போறான், நீங்க ரோட்டைத் தாண்ட மாட்டீங்களாடா?" முனிராஜுக்கு மட்டும் மனக்குறை. "என் கடைக்கு வந்து ஒரு பீடி வாங்கலியே மாமா. நான் பாத்து வச்சிருந்தேனே அவர" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பச்சையம்மா முதலில் கூசினாள். பிறகு யாராவது கேட்டால் ஒன்றிரண்டு பதில் சொல்ல ஆரம்பித்தாள். இளைத்துப் போயிட்டாரு, மில்லு சாப்பாடு ஒத்துக்கல, அடுத்த தடவை தங்கற மாதிரி வருவாரு. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு களை வந்துவிடும். பொய்தான், எனக்குத் தெரியும். ஆனால் புருஷன் உள்ள பெண்ணாக ஊரே அவளை நடத்தியது அந்தக் கொஞ்ச காலந்தான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மழைக்காலம் போய் ஆயுத பூஜை வந்தது. நான் மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவள் இல்லை. பொரி கடலை தின்பதற்கு எங்கள் வேதத்தில் தடை ஒன்றும் இல்லை. பூஜைச் சாமான் வாங்கப் பச்சையம்மா முனிராஜ் கடைக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். அவன் பொரியை அளந்துகொண்டே ஆரம்பித்தான்.

"அக்கா, உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன். போன வாரம் நீ பங்களாவுக்குப் போனப்பறம் ஒரு ஆளு வந்தான். பச்சையம்மா வீடு எதுன்னான். நீ யாருய்யான்னு கேட்டேன். கூசாம சொல்றான் பாரு, நான் அவங்க வீட்டுக்காரன்னு!" முனிராஜ் சிரித்தான். "தங்கவயல்ல கேட்டுக்கினு வரேன்றான். வெள்ளை வேட்டி, தலையெல்லாம் சீவி, பாத்தா கௌரவமா இருக்கான். இந்தக் காலத்துல திருட்டுப் பசங்கதான் அப்பிடி இருக்கறாங்க. கையில பூ வேற, இலையில கட்டி வச்சிருந்தான்."

பச்சையம்மா கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விடுவேனா? யோவ், அவங்க வீட்டுக்காரர நான் என் கண்ணால பாத்திருக்கேன்யா. ஓட்டுப் போட வந்தாரு. ஆபீசர் எதுர்ல, இந்தத் தெருவே நிக்கறப்ப, இவருதான் எங்க வீட்டுக்காரர்னு அந்தம்மாவே சொல்லுச்சு. நீ எந்த ஊரு களவாணி, போலீசக் கூப்பிடட்டுமான்னேன். ஆளு அப்பிடியே நின்னுட்டான்."

"இன்னா சொன்னாரு?" என்றாள் பச்சையம்மா.

"இன்னா சொல்வான்? 'அதுவே சொல்லுச்சா'ன்னு கேட்டான். 'அது வாயாலயே சொல்லுச்சா'ன்னு இன்னொரு தடவை கேட்டான். ஆமாய்யான்னேன். அப்பறம், 'அவரு அத நல்லா வச்சிருக்காரா'ன்னான். உனக்கெதுக்குய்யா, ராணி மாதிரி வச்சிருக்காருன்னேன். அப்ப சரின்னுட்டு பஸ்ஸு பக்கமா போயிட்டான்."

மறுநாளே நானும் அவளும் மாரிகுப்பம் ரயிலேறித் தங்கவயலுக்குப் போனோம். லைனில் வீடு வீடாகக் கேட்டோம். ஆமாம், வந்தார், நல்ல மாதிரியாக வந்தார், நாங்கள்தான் விலாசம் சொன்னோம் என்றார்கள். எங்கிருந்து வந்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் அங்கே திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் எந்த இடத்துக்கும் வந்ததாகத் தகவல் இல்லை. அதெல்லாம் பிறகு.

கடையில் நின்ற அந்த நேரத்தில் எனக்கு முனிராஜின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன். பச்சையம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவனை எதற்குத் திட்டுவது? அவள் சொன்னதைத்தானே அவனும் சொன்னான்? அதில் ஒரு சொல்லைக்கூட அவன் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்து முனிராஜ் தப்பாகப் புரிந்துகொண்டான். "பயந்துட்டியாக்கா? கவலப்படாத. மறுபடி வந்தான்னா காலை ஒடச்சு அனுப்பறேன். மாமா ஊர்ல இல்லாதப்ப நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றான்.

"சரிப்பா" என்றாள் பச்சையம்மா. "நல்லது பண்ணே."

முனிராஜ் சந்தோஷமாக இன்னும் ஒரு கை பொரியை அள்ளி அவள் பையில் போட்டான்.